ஃப்ரேசர் ஆற்றில் ஸ்டர்ஜன் தூண்டில்: 73 வயது அப்பாவைக் கூட்டிப்போகலாமா?

தர்சி_ஸ்காபரோ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் இருந்து கேட்கிறேன். செப்டம்பர் கடைசியில் வன்கூவர் பக்கம் வருகிறோம். நான், கணவர், 12 வயது மகன், அப்பா. அண்ணன் குடும்பம் சரேயில் இருக்கிறது, தங்குவது அங்கேதான்.

விஷயம் அப்பாவைப் பற்றியது. யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் கடற்தொழில் செய்தவர். 1990இல் போரால் ஊரை விட்டு வெளிக்கிட்ட பிறகு பருத்தித்துறைப் பக்கம் கொஞ்சக் காலம் அடுத்தவர் படகில் போனார், அப்புறம் இங்கே வந்துவிட்டார். இப்போது புளஃபர்ஸ் பார்க்கில் போய் இருந்து, தூண்டில் போடுகிற ஆக்களின் முடிச்சைப் பார்த்துக் குறை சொல்வதுதான் வேலை. அண்ணன் மகன் போன மாதம் ஒரு வீடியோ அனுப்பினான். ஆள் நீளத்துக்கும் மேலே ஒரு மீன், முதுகில் வரிசையாகத் தகடு, வாயடியில் மீசை. அப்பா நாலைந்து முறை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். "வால் சுறா மாதிரி, மீசை கெழுத்தி மாதிரி, இது என்ன சாமான்?" என்று கேட்டார். ஸ்டர்ஜன், இங்கே ஃப்ரேசர் ஆற்றில் பிடிக்கிறது என்றான் பெடியன். அன்றிலிருந்து ஒரே நச்சரிப்பு, தானும் ஒன்று பிடித்துப் பார்க்க வேண்டுமாம்.

ஆனால் பிடித்ததைத் திரும்ப ஆற்றில் விட வேண்டும் என்று தெரிந்ததும் ஆளுக்குக் கோபம் வந்துவிட்டது. "மீனை விடுறதுக்கு ஆரும் காசு குடுப்பினமோ?" என்கிறார். போக ஆசையும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது.

காசுக்குப் படகில் மீன்பிடிக்கக் கூட்டிப்போகிற வழிகாட்டிகளின் பக்கங்களில் எல்லாமே ஒரே மாதிரி இருக்கிறது. எல்லோரும் பத்தடி மீனோடு சிரிக்கிறார்கள். ஆற்றின் கீழ்ப்பக்கம், கடல் முகத்தடியில் போவது நல்லதா, மேலே சில்லிவாக் பக்கம் நல்லதா? அப்பாவுக்கு இடது தோள் கொஞ்சம் நோ, இந்த மீனை இழுக்க ஏலுமா? செப்டம்பர் கடைசி சரியான காலமா? ஒரு சின்ன மீனையாவது வைத்துக்கொள்ள விடுவார்களா? போய் வந்தவர்கள் சொல்லுங்கோ.

---

சரே_சிவம்:

வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் பிள்ளை. சின்னது, பெரியது, செத்தது, எதையும் கொண்டுவர ஏலாது. நான் ஒருமுறை வேலையிடத்து ஆட்களோடு போனேன். காலை முழுக்கக் குளிரில் இருந்து, மத்தியானம் ஒரு மீன், அதோடு ஒரு படம், பிறகு ஆளை ஆற்றில் விட்டாச்சு. வீட்டுக்கு வந்து கோழிக்கறி. அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

---

புன்னைக்காயல்_ராஜன்:

தங்கச்சி, அப்பாவைக் கண்டிப்பாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் ஃப்ரேசர் கரையில் மிஷன் என்ற ஊரில் இருக்கிறேன். வாரநாட்களில் மர ஆலை வேலை. சீசனில் சனி, ஞாயிறு ஒரு வழிகாட்டியின் படகில் கூடமாட வேலைக்குப் போவேன்: இரை கட்டுவது, நங்கூரம், மீனை அளப்பது, பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்வது. சொந்த ஊர் தாமிரபரணி கடலில் சேருகிற புன்னைக்காயல். அதனால் உங்கள் அப்பா எதைக் கேட்பார், எதைப் பார்த்து முகம் சுளிப்பார் என்று ஓரளவு தெரியும்.

முதலில் காசுக் கேள்வி. இதே கேள்வியை என் சித்தப்பா ஊரிலிருந்து போனில் கேட்டார். அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இந்த ஆற்றில் ஒரு காலத்தில் ஸ்டர்ஜனை வெட்டி வெட்டி ஏற்றினார்கள். 1897இல் மட்டும் 500 டன்னுக்கு மேல் பிடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு சில வருடத்திலேயே மீன் இல்லாமல் போய்விட்டது. காரணம் எளிது. பெட்டை மீன் முட்டைக்கு வரவே இருபது வருடத்துக்கு மேல் ஆகும். வந்த பிறகும் வருடா வருடம் முட்டை போடாது, பல வருடத்துக்கு ஒருமுறைதான். நம் ஊர் சாளை, நெத்திலி மாதிரி அடுத்த பருவத்துக்குத் திரும்பி வந்து நிற்கிற சாதி இல்லை. ஒரு பெரிய பெட்டையை வெட்டினால் அந்த இடம் நிரம்ப ஒரு தலைமுறை போய்விடும். நூறு வயதைத் தாண்டுகிற மீன் இது.

அப்புறம் 1990களின் தொடக்கத்தில் பெரிய பெரிய மீன்கள் செத்து ஆற்றில் ஒதுங்கின. 1994இலிருந்து யாரும் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். 1997இல் ஃப்ரேசர் ஆற்று ஸ்டர்ஜன் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்று தொடங்கினார்கள். சக்கர நாற்காலியில் உலகம் சுற்றி வந்த ரிக் ஹேன்சன் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், அவரே பெரிய ஸ்டர்ஜன் பைத்தியம். இதில் அப்பாவுக்குப் பிடிக்கப்போகிற விஷயம் ஒன்று உண்டு. இந்த ஆற்றில் மீன் எத்தனை, எவ்வளவு வளர்கிறது, எங்கே போகிறது என்ற கணக்கில் பெரும்பகுதி அரசாங்கக் கப்பல் எடுத்ததில்லை. வழிகாட்டிகளும் அவர்களோடு வருகிற உங்களைப் போன்றவர்களும் எடுத்தது.

எப்படி என்று சொல்கிறேன். மீன் படகோரம் வந்ததும் நாங்கள் முதலில் செய்வது படம் எடுப்பது இல்லை. கையடக்கமான ஒரு கருவியைத் தலைக்குப் பின்னால் வைத்து ஓட்டுவோம். ஏற்கெனவே பிடிபட்ட மீன் என்றால் அதன் தோலுக்கடியில் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய, எண் பதித்த ஒரு மின்னணுச் சில்லு இருக்கும். கருவி 'பீப்' என்று கத்தி எண்ணைக் காட்டும். சத்தம் வராவிட்டால் புதுமீன், பயிற்சி எடுத்த வழிகாட்டி அங்கேயே ஒரு சில்லை ஊசியால் ஏற்றுவார். நீளம், சுற்றளவு, இடம், நேரம் எல்லாம் தாளில் ஏறும். இப்படி இந்த ஆற்றில் பல்லாயிரம் மீன்களுக்கு எண் இருக்கிறது. பழைய எண் வந்தால் அந்த மீனின் சரித்திரத்தைப் பிறகு கேட்டு வாங்கலாம்: எந்த வருடம், எந்த இடத்தில் பிடிபட்டது, அதற்குப் பிறகு எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தது என்று. ஆறு எங்கும் நடமாடுகிற மீன் இது. அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றில் எண் ஏற்றிய மீன்கூட கடல் வழியாக வந்து இங்கே அகப்பட்டிருக்கிறது. நீங்கள் கொடுக்கிற காசில் படகு, எரிபொருள், வழிகாட்டியின் கூலி எல்லாம் அடக்கம். ஆனால் அப்பாவிடம் சொல்லும்போது, மீன் கணக்கெடுக்கும் படகில் ஒரு நாள் தொழிலாளியாகப் போகிறீர்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

இனி இடம். மிஷன் ரயில் பாலம்தான் எல்லை. அதற்குக் கீழே கடல் ஓதம் ஏறி இறங்கும் பகுதி, மத்திய அரசின் உரிமம். மேலே மாகாண உரிமம், ஸ்டர்ஜனுக்கென்று தனிக் கட்டணமும் உண்டு. வெளி மாகாணத்தார் ஓர் அடையாள எண்ணை முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும், கடைசி இரவில் உட்கார்ந்து தேடாதீர்கள். எந்தப் பகுதிக்குப் போகிறோம், அப்பாவுக்கும் மகனுக்கும் எந்தெந்தச் சீட்டு வேண்டும் என்பதை வழிகாட்டியிடம் எழுதியே கேட்டு வாங்கிவிடுங்கள்.

கீழ்ப்பகுதி, அதாவது நியூ வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கீழே ஆறு கிளை பிரிந்து ஸ்டீவ்ஸ்டன் வரைக்கும் போகிற இடம், பழுப்புத் தண்ணீர், அகலம், இழுவைப் படகுகள், மரக்கட்டைத் தெப்பங்கள், சரக்குக் கப்பல்கள். உங்கள் அப்பாவுக்கு அது பழகின உலகமாக இருக்கும். மார்ச் கடைசி முதல் மே வரை யூலக்கான் என்ற கொழுத்த சின்ன மீன் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறும். காயவைத்துத் திரி போட்டால் மெழுகுவர்த்தி போல எரியும் அளவுக்கு எண்ணெய். அதைத் தின்ன ஸ்டர்ஜன் கீழே வந்து குவியும். அந்தக் காலத்தில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்பகுதி என்றிருப்பேன். மே கடைசி, ஜூன் மட்டும் வேண்டாம். மலைப்பனி உருகி ஆறு பல மடங்கு பெருகி, முழு மரமே வேரோடு மிதந்து வரும். முட்டையிடும் காலமும் அதுதான்.

நீங்கள் வருவது செப்டம்பர் கடைசி. அப்போது சால்மன் ஆற்றில் ஏறி முட்டையிட்டுச் சாகிற நேரம். ஒற்றைப்படை ஆண்டு என்றால் இளஞ்சிவப்பு சால்மன் லட்சக்கணக்கில் வரும், இரட்டைப்படையில் அது இந்த ஆற்றுக்கு அநேகமாக வராது. எதுவானாலும் சால்மன் முட்டையும் செத்த சால்மனும் அடியில் உருண்டு வரும், ஸ்டர்ஜன் அதைப் பின்தொடர்ந்து ஆற்றின் மேல்பக்கம் நிற்கும். ஆகவே மிஷனுக்கும் சில்லிவாக்குக்கும் நடுவில் போங்கள். தண்ணீரும் அப்போது குளிர்ந்துவிடும். ஆகஸ்ட் வெயிலில் ஆறு சூடேறியிருக்கும்போது மீனோடு நீண்ட நேரம் மல்லுக்கட்டுவது எனக்குப் பிடிக்காது. மீன் நீந்திப் போவதுபோல் இருக்கும், அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்று யார் பார்த்தார்?

தோள் வலிக்குப் பயப்பட வேண்டாம். இங்கே போடுகிற நூல் 100 ராத்தல், 150 ராத்தல் தாங்குகிற பின்னல் நூல், தங்கூஸ் இல்லை. தடித்த ராட், பெரிய ரீல். அதைக் கையில் பிடித்தே இருக்க வேண்டியதில்லை, படகோரத் தாங்கியில் செருகியிருக்கும். மீன் கொத்தினால்தான் எடுப்பது. இடுப்பில் ஒரு பட்டை கட்டி அதில் ராட்டின் அடியை ஊன்றிக்கொள்ளலாம், பாரம் தோளுக்குப் போகாது. அகப்படுவதில் பெரும்பாலானவை நாலு, ஐந்து அடி மீன்கள். அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். எட்டடிக்கு மேலே ஒன்று மாட்டினால் மூன்று பேர் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டியதுதான். வெட்கம் ஒன்றுமில்லை, மரம் தூக்குகிற ஆட்களே ராட்டைக் கைமாற்றுவதைப் பார்த்திருக்கிறேன்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கப் படங்களைப் பார்க்காதீர்கள். பத்தடி மீன் எப்போதாவது வரும், அதே படத்தைத்தான் வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பார்கள். போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். எண் பார்க்கும் கருவி படகில் இருக்கிறதா? ஒரு இடத்தில் கொத்தாவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள்? பெரிய மீனோடு படம் எப்படி எடுப்பீர்கள்? முதல் கேள்விக்கு மழுப்பினால் அங்கேயே வைத்துவிடுங்கள். இரண்டாவதுக்கு, அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே குழியில் உட்கார மாட்டேன் என்று சொல்கிறவர் நல்லவர்; எதிரொலிக் கருவியில் அடியைப் பார்த்துப் பார்த்து இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். 1.5 மீட்டருக்கு மேற்பட்ட மீனைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்கக் கூடாது. கரையோரம் ஆழமில்லாத இடத்துக்குப் படகைக் கொண்டுபோய், நீங்கள் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் மீனோடு நின்று படம் எடுக்கலாம். அதற்குரிய நீருடையை அவர்களே தருவார்கள். படகுக்குள் இழுத்துப் போட்டு நாலு பேர் மடியில் கிடத்திப் படம் எடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்த ஆளோடு நான் போவதில்லை. பெரும்பாலும் குருத்தெலும்பு உடம்பு. இவ்வளவு பாரத்தைத் தண்ணீர் தாங்கினால்தான் உள்ளுறுப்பு நசுங்காமல் இருக்கும்.

சிவம் அண்ணாச்சிக்கு: ஒரு மீன் கிடைத்ததற்கே நீங்கள் அதிர்ஷ்டக்காரர். கோழிக்கறி பற்றி எனக்குக் கருத்தில்லை.

---

தர்சி_ஸ்காபரோ:

ராஜன் அண்ணா, மிக்க நன்றி. அப்பாவுக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். "எங்கட கடலிலும் ஆரும் இப்பிடிக் கணக்கு எடுத்திருந்தால் நல்லது" என்றார். கோபம் பாதி குறைந்துவிட்டது. இப்போது அவருக்கு வேறு கேள்விகள்: நங்கூரம் போட்டு நிற்கும்போது மீன் ஓடினால் கயிறைத் தூக்க நேரம் இருக்குமோ? இரை என்ன, யார் கட்டுவது? மீன் கொத்தினது எப்படித் தெரியும்? கடைசியாக, பல் இருக்குமா? (இது மகன் கேட்டது.)

---

போர்ட்லண்ட்_பாலா:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். வைத்துக்கொள்வதுதான் முக்கியம் என்றால் எல்லை தாண்டி ஒரிகனுக்கு வர வேண்டும். கொலம்பியா ஆற்றின் கழிமுகத்தில், அஸ்டோரியா பக்கம், சில ஆண்டுகளில் மே, ஜூன் வாக்கில் சில நாட்கள் மட்டும் திறப்பார்கள். அதிலும் மூக்கு நுனியிலிருந்து வால் கவட்டை வரை 44 முதல் 50 அங்குலத்துக்குள் இருக்கிற மீன் மட்டும். குறைந்தாலும் விட வேண்டும், கூடினாலும் விட வேண்டும். குறித்த எண்ணிக்கை எட்டியதும் மூடிவிடுவார்கள். சில வருடம் திறப்பதே இல்லை. அங்கே கழிமுகத்தில் பச்சை ஸ்டர்ஜன் என்று இன்னொரு சாதியும் வரும், அதைத் தொடவே கூடாது. நான் வேலை செய்யும் அலுவலகத்தில் ஒரு கூட்டம் இதற்காகவே லீவை எடுத்து வைத்திருக்கும். இரையாக அங்கே மணல் இறாலும் நெத்திலியும் போடுவார்கள்.

ஆனால் ராஜன் சொல்லும் ஆற்றைத்தான் நானும் சொல்வேன். கொலம்பியாவில் பான்வில் அணை 1938இல் வந்தது. அதற்கு மேலே அடுக்கடுக்காக இன்னும் அணைகள். மீன் ஏணி எல்லாம் சால்மனுக்காகக் கட்டியது, சால்மன் குதித்து ஏறிவிடும், ஸ்டர்ஜனால் அதில் ஏறிப் போவது மிக அரிது. இரண்டு அணைக்கு நடுவில் அகப்பட்டதெல்லாம் குளத்து மீன் ஆகிவிட்டது. ஃப்ரேசரின் பிரதான ஓட்டத்தில் ஓர் அணைகூடக் கிடையாது, ராக்கி மலையிலிருந்து கடல் வரைக்கும் கிட்டத்தட்ட 1,375 கிலோமீட்டர் தடையில்லாமல் ஓடுகிறது. வட அமெரிக்காவில் அந்த அளவு ஆறு இப்படித் தப்பிப் பிழைத்திருப்பது பெரிய விஷயம்.

பையனுக்கு மீனைப் பக்கத்தில் காட்ட வேண்டும் என்றால், எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் பான்வில் மீன் பண்ணைக்குப் போங்கள். ஹெர்மன் என்று ஒரு கிழட்டு ஸ்டர்ஜன், பத்தடி நீளம், கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப்பக்கம் நீந்திக்கொண்டிருக்கும். அனுமதி இலவசம். என் மகள் அதற்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தாள்.

---

புன்னைக்காயல்_ராஜன்:

பாலா சொன்னது சரி. அணைதான் பெரிய வித்தியாசம். ஆனால் அணை இல்லாததாலேயே ஃப்ரேசரில் எல்லாம் சுகம் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கீழ் ஃப்ரேசர் மீனைக்கூட 2012இல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம் என்று மதிப்பிட்டார்கள். கிழட்டு மீன் தாராளமாக அகப்படுகிறது. குட்டி குறைந்துகொண்டு போகிறது என்பதுதான் எண் பார்க்கிறவர்கள் கவலை. படகில் ஒரு சாண் நீளக் குட்டி வந்தால் வாடிக்கையாளர் உதட்டைப் பிதுக்குவார். வழிகாட்டிக்குத்தான் வாய் நிறையப் பல் தெரியும்.

பல் என்றதும் மருமகனின் கேள்வி: ஸ்டர்ஜனுக்குப் பல் ஒன்றுகூட இல்லை. வாய் தலைக்கு அடியில் இருக்கும், குழாய் மாதிரி வெளியே நீட்டி உறிஞ்சும். வாய்க்குள் கை விட்டால் ஒன்றும் ஆகாது. குட்டியின் முதுகுத் தகடுகள்தான் கத்தி. வயதாக ஆகத் தேய்ந்து மழுங்கிவிடும். மீசை நான்கு, அதால்தான் கலங்கல் தண்ணீரில் தடவித் தடவி இரை தேடுகிறது. கண் சும்மா பேருக்கு.

நங்கூரம்: அப்பா கேட்டது நல்ல கேள்வி, இதைக் கேட்கும் முதல் வாடிக்கையாளர் அவராகத்தான் இருப்பார். கயிற்றின் மேல்முனையில் பெரிய மிதவைப் பந்து ஒன்று கட்டியிருக்கும். பெரிய மீன் என்று தெரிந்த உடனே கயிற்றைப் படகிலிருந்து கழற்றிவிடுவோம், நங்கூரமும் மிதவையும் அங்கேயே கிடக்கும். மீன் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் படகும் போகும். விட்டுவிட்டு அப்புறம் வந்து எடுத்துக்கொள்வது. இல்லாவிட்டால் இந்த நீரோட்டத்தில் மீனைப் படகுக்கு இழுப்பது நடக்காத காரியம். மீன் பெரும்பாலும் நீரோட்டத்தோடு கீழே ஓடும், நடுவில் சில நேரம் முழு உடம்போடு தண்ணீரை விட்டு மேலே துள்ளும். அந்த நொடியில் நூலைத் தளர விட்டால் போச்சு, தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கிய முள் கிடையாது. சட்டப்படி அப்படித்தான் இருக்க வேண்டும், முள்ளும் ஒன்றே ஒன்றுதான். இதனால் விடுவது சுலபம், தப்புவதும் சுலபம்.

கொத்துவது தெரிய வேண்டுமானால் ராட் நுனியைப் பார்க்க வேண்டும். இத்தனை பெரிய மீன் கொத்தும்போது நுனி இரண்டு தரம் மெல்லத் தலையாட்டும், அவ்வளவுதான். பைக்மின்னோ என்ற சின்ன மீன் பிடுங்கினால்தான் படபடவென்று ஆடும். புது ஆட்கள் அதற்கு ஓடிப்போய் ராட்டைத் தூக்குவார்கள். ஸ்டர்ஜனுக்குக் காத்திருந்து, மூன்றாவது தரம் நுனி கீழே போய்க்கொண்டே இருக்கும்போது தூக்க வேண்டும். கண் பழகின கடற்தொழிலாளிக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

இரை செப்டம்பரில் சால்மன் முட்டைதான். ஒரு கைப்பிடி முட்டையைப் பெண்கள் போடுகிற மெல்லிய ஸ்டாக்கிங் துணியில் பொதிந்து, பூ நூலால் சுற்றிச் சுற்றி உருண்டையாகக் கட்டி முள்ளில் கோர்ப்போம். நீரோட்டம் பொறுத்து ஈயம், சில நாள் அரைக் கிலோவுக்கு மேலே போகும். இந்தப் பழக்கத்தில் எனக்குத் துணிக்கடையில் மானம் போனது தனிக்கதை. மீசை வைத்த ஆள் ஒருவன் ஒரே அளவில் இருபது ஸ்டாக்கிங் எடுத்து வந்து நின்றால் காசாளர் பெண் என்ன நினைப்பாள்?

உடுப்பு விஷயமாக ஒன்று. படகில் சூடுள்ள சிறு அறை இருக்கும், ஆனால் அப்பா உள்ளே உட்காரப்போவதில்லை என்று தெரிகிறது. மழைச்சட்டை, உள்ளே கம்பளி, கைக்குப் பழைய துணி. கழிப்பறை எல்லாப் படகிலும் இருக்காது. 73 வயதுக்காரரோடு வருவதால் அதையும் முன்பதிவுக்கு முன் கேட்டுவிடுங்கள், சங்கடப்படாதீர்கள். முழு நாள் வேண்டாம், அரைநாள் போதும். விலை படகுக்குத்தான், ஆளுக்கு இல்லை. நாலு பேர் என்றால் கணக்கு அவ்வளவு மோசமில்லை.

---

சரே_சிவம்:

சரி, சரி, நான் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். பிள்ளை, மீன் சாப்பிட ஆசைப்பட்டால் படகுப் பயணத்துக்கு அடுத்த நாள் அப்பாவை ஸ்டீவ்ஸ்டன் துறைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. பிடித்து வந்த படகிலேயே நின்று விற்பார்கள். சால்மன், சில நேரம் சின்ன மீன் வகை எல்லாம் இருக்கும். மே மாதம் வந்திருந்தால் உயிரோடு துள்ளுகிற ஸ்பொட் இறால் வாங்கியிருக்கலாம்.

அங்கே 1894இல் கட்டிய பழைய டின்மீன் ஆலை ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். போகாமல் வந்துவிடாதேங்கோ. அந்த ஊர் முழுக்க ஒரு காலம் ஜப்பானிய மீனவர்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ள் ஹார்பரில் குண்டு போட்ட பிறகு அவர்களுடைய படகுகளை, ஆயிரத்துக்கும் மேலே, அரசாங்கம் பறித்துக்கொண்டது. 1942இல் ஆக்களையும் கரையை விட்டு உள்ளுக்கு அனுப்பிவிட்டது. போர் முடிந்து நாலு வருசம் கழித்து, 1949இல்தான் திரும்பி வர விட்டார்கள். நான் அதை வாசித்துக்கொண்டு நின்றபோது மயிலிட்டி, பலாலி ஆட்களைத்தான் நினைத்தேன். உங்கள் அப்பா வாசித்தால் என்ன சொல்வார் தெரியாது.

ஸ்டர்ஜன் முட்டை பற்றி ஒருவரும் கேட்கவில்லையே? கேவியர் வேண்டுமென்றால் சீஷெல்ட் பக்கம் பண்ணையில் வளர்த்து எடுக்கிறார்கள். விலையைப் பார்த்தால் கோழிக்கறியே மேல்.

---

தர்சி_ஸ்காபரோ:

சிவம் அங்கிள், ஸ்டீவ்ஸ்டன் கட்டாயம் போகிறோம். அப்பாவுக்கு நீங்கள் எழுதினதைச் சொன்னேன். "அவையளின்ர படகுகளைத் திருப்பிக் குடுத்தவையோ?" என்று மட்டும் கேட்டார்.

ராஜன் அண்ணா, நீங்கள் சொன்ன மூன்று கேள்வியையும் நாலு வழிகாட்டிகளிடம் கேட்டேன். ஒருவர் கருவி இருக்கா என்றதற்கு, "அதெல்லாம் நேர விரயம்" என்றார். இன்னொரு அம்மா, கேள்வி முடியுமுன்னே தன் படகில் போன வாரம் எண் வந்த மீனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டா. அவவிடமே அரைநாள் பதிந்தாச்சு. கழிப்பறையும் இருக்கிறதாம். மிஷனுக்குக் கொஞ்சம் மேலேதான் இறங்குகிறோம்.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். இரையைத் தான்தான் கட்டுவாராம்.

---

புன்னைக்காயல்_ராஜன்:

சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறீர்கள். சிவம் அண்ணாச்சி, படகைத் திருப்பித் தரவில்லை, அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டார்கள் என்பதை அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இரை கட்டுவதற்கு எந்த வழிகாட்டியும் மறுப்புச் சொல்ல மாட்டார், எங்களுக்கு ஒரு வேலை குறையும். உருண்டையை மட்டும் இறுக்கிக் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். முட்டை கொஞ்சம் நசுங்கிப் பால் கசிய வேண்டும், அந்த வாடைக்குத்தான் மீன் வரும். பெரியவர்கள் வலை முடிச்சுப் பழக்கத்தில் கல்லு மாதிரி கட்டிவிடுவார்கள். கட்டி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ விடாதீர்கள், அடுத்த உருண்டையில் சோப்பு வாடை ஏறிவிடும். ஆற்றுத் தண்ணீரே போதும்.